புலி வருது, புலி வருது!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் பேசிய பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"கம்ப்யூட்டர் பாதுகாப்பு பத்தி பேசுங்க, ஆனா வரலாறு படிச்சவங்களுக்கும் புரியணும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நியாயமான நிபந்தனை. அதனால் இன்று ஒரே ஒரு கருவியைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதன் பெயர் 'டைகர்'. யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கம்ப்யூட்டர்களில், அதாவது இன்றைய லினக்ஸ் வரைக்கும், எங்கே ஓட்டை இருக்கிறது என்று தானாகவே தேடிப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மென்பொருள் அது.

புலி என்றதும் நம் எல்லோருக்கும் ஆரம்பப் பள்ளியில் படித்த கதைதான் ஞாபகம் வரும். ஆடு மேய்க்கும் பையன் விளையாட்டுக்காக "புலி வருது, புலி வருது" என்று கத்தினான். ஊரே ஓடி வந்தது. மறுபடியும் கத்தினான், மறுபடியும் வந்தது. நிஜப் புலி வந்த அன்று எவரும் வரவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக இந்தக் கதையை நமக்குச் சொன்னார்கள். இந்தக் கருவியோடு பல வருடம் பழகிய பிறகு எனக்கு அதில் வேறொரு பாடமும் தெரிகிறது. எதற்கெல்லாம் கத்தலாம், எதற்குக் கத்தக் கூடாது, கத்தினால் யார் வர வேண்டும் என்று அந்தப் பையனுக்கு ஊர் சொல்லிக் கொடுக்கவே இல்லை. கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், அவனை யாரும் 'கான்பிகர்' செய்யவில்லை.

ஒரு கல்லூரி வளாகத்தில் பிறந்த கருவி

இந்த டைகர் ஏதோ ராணுவத்துக்காகச் செய்த சாமான் என்று நினைக்க வேண்டாம். அது பிறந்தது நம்மைப் போன்ற ஒரு கல்வி வளாகத்தில்தான். அமெரிக்காவில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் என்று ஒன்று. 1992 ஆகஸ்டில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து அவர்களுக்கு ஒரு தகவல் வந்தது. உங்கள் வளாகத்துக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரைத் தாக்குகிறார்கள் என்பது செய்தி. தேடிப் பார்த்தால் அது ஒரு பேராசிரியர் அறையில் இருந்த சன் வொர்க்ஸ்டேஷன். பேராசிரியரோ ஊரிலேயே இல்லை! யாரோ வெளியாள் அதற்குள் புகுந்து, அங்கிருந்துகொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்து ஊழியர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, வளாகத்துக்கும் வெளியுலக இன்டர்நெட்டுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். அதற்கு 'டிராபிரிட்ஜ்' என்று பெயர். கோட்டைகளில் தேவைப்பட்டால் தூக்கிவிடும் பாலம் என்று அர்த்தம். செஞ்சியில் ராஜகிரி உச்சிக்கு ஏறும்போது ஒரு பாறைப் பிளவைப் பாலத்தின் வழியாகத் தாண்டுவோமே, அந்த மாதிரி. இரண்டாவது, டைகரை எழுதினார்கள். வெளியிலிருந்து என் கம்ப்யூட்டரை அணுக அனுமதி வேண்டும் என்று எந்தத் துறை கேட்டாலும், முதலில் டைகரை ஓட்டி அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் பாலம் இறங்கும்.

இதற்கு முன்பே, 1990 வாக்கில், பர்டூ பல்கலைக்கழகத்தில் டான் பார்மர், ஜீன் ஸ்பாபோர்ட் இருவரும் 'காப்ஸ்' என்ற கருவியை வெளியிட்டிருந்தார்கள். 1995 ஏப்ரலில் பார்மரும் வீட்சே வெனிமாவும் 'சேட்டன்' என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். டைகர் சில காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2000-க்குப் பிறகு டெபியன் லினக்ஸ் ஆர்வலர்களால் மீண்டும் உயிர் பெற்றது. 2007-ல் வந்த 'லினிஸ்' இதே வேலையைச் செய்கிறது. புதிதாகத் தொடங்கும் தம்பிகள் அதை எடுத்தாலும் நான் சொல்லப் போகிற விஷயம் அப்படியே பொருந்தும்.

அது என்னதான் பார்க்கிறது?

விழுப்புரத்துக்காரர்களுக்கு ரயில்வே உதாரணம் சொன்னால் உடனே புரியும். நம் ஜங்ஷனுக்கு சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமிருந்து லைன் வருகிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கீமேன் தினமும் தண்டவாளத்தின் மேல் நடந்து, எந்த கீ கழன்றிருக்கிறது, எங்கே ஜல்லி சரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். டைகர் ஒரு கீமேன். அது நடக்கும் தண்டவாளம் உங்கள் கம்ப்யூட்டரின் ஃபைல்கள்.

பாஸ்வேர்டு இல்லாத கணக்கு இருக்கிறதா? யூனிக்ஸில் எல்லா அதிகாரமும் படைத்தவர் 'ரூட்'. அவருடைய எண் பூஜ்யம். அதே பூஜ்யம் எண்ணோடு இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறதா? யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து கிடக்கும் ஃபைல் எது? யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்கள், 'செட்யூஐடி' என்பார்கள், அவற்றில் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா? குறித்த நேரத்தில் தானாக ஓடும் 'கிரான்' வேலைகளை யார் எழுதி வைத்தார்கள்? வெளியிலிருந்து வரும் இணைப்புக்காக எந்தெந்த போர்ட் காத்திருக்கிறது? மாதக்கணக்கில் யாரும் பயன்படுத்தாத கணக்கு எது? இவ்வளவையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதும். வரியின் தொடக்கத்தில் 'இன்போ', 'வார்ன்', 'பெயில்', 'அலர்ட்' என்று தரம் போட்டு, ஒரு குறியீட்டு எண்ணும் தரும். 'டைக்எக்ஸ்ப்' என்ற கட்டளையிடம் அந்த எண்ணைக் கொடுத்தால், இது ஏன் தப்பு, என்ன செய்யலாம் என்று விளக்கம் சொல்லும். தானாக எதையும் சரி செய்யாது. அது நம் வேலை.

எல்லாரும் வாங்கினார்கள், யாரும் படிக்கவில்லை

இனி உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். டைகரை இன்ஸ்டால் செய்வது ஐந்து நிமிட வேலை. முதல் தடவை ஓட்டினால் நூற்றுக்கணக்கில் வரிகள் வந்து விழும். பெரும்பாலானவை சாதாரண விஷயம். அதைப் பார்த்து மலைத்துப்போய் மூடி வைத்துவிடுகிறார்கள். மென்பொருள் மட்டும் தன் கடமையாகத் தினமும் ரிப்போர்ட் எழுதிக்கொண்டே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெயரும் ஊரும் வேண்டாம். அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, "கட்டணம் கட்ட இன்றே கடைசி நாள், இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று போன் வந்திருக்கிறது. பையன் பெயர், வகுப்பு, பாக்கித் தொகை எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்பாமல் எப்படி இருப்பார்கள்? ஓர் அம்மா கம்மலை அடகு வைத்துப் பணம் அனுப்பியிருந்தார். போனது போனதுதான்.

சர்வரைப் பார்த்தேன். வேலையை விட்டுப் போன ஒருவருடைய கணக்கு அப்படியே இருந்தது, பாஸ்வேர்டும் பழையதே. அதன் வழியாகத்தான் யாரோ உள்ளே வந்து மாணவர் பட்டியலை எடுத்துப் போயிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த சர்வரில் டைகர் இருந்தது! இந்தக் கணக்கை யாரும் பயன்படுத்துவதில்லை என்று அது மாதக்கணக்காக எழுதியிருந்தது. நீளமான ரிப்போர்ட்டில் எங்கோ நடுவில் ஒரு வரி. ரிப்போர்ட் போன இடம் ரூட் கணக்கின் உள்ளூர் அஞ்சல் பெட்டி. அதை ஒரு நாளும் யாரும் திறந்ததில்லை. பையன் உண்மையாகத்தான் கத்தியிருக்கிறான். ஊர் மட்டும் வேறெங்கோ இருந்தது.

மூன்று ஃபைல்கள், ஒரு நோட்டு

டெபியன் வகை லினக்ஸில் 'எட்சி' டைரக்டரிக்குள் 'டைகர்' என்று ஒரு டைரக்டரி இருக்கும். அதில் மூன்று ஃபைல்கள் முக்கியம்.

முதலாவது 'டைகர்ஆர்சி'. எந்தெந்தச் சோதனை நடக்க வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் 'ஒய்' அல்லது 'என்' என்று எழுதி வைப்பது இங்கேதான். ரிப்போர்ட் யாருக்குப் போக வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. நான் முதலில் திருத்தச் சொல்வது அந்த வரியைத்தான். ரூட் என்று இருப்பதை எடுத்துவிட்டு, தினமும் மெயில் பார்க்கும் இரண்டு மனிதர்களுக்குப் போகும்படி செய்யுங்கள். ஒருவர் லீவில் போனால் இன்னொருவர் பார்ப்பார். கல்லூரி என்றால் ஒருவர் நிரந்தர ஊழியராக இருக்கட்டும். மாணவர் மூன்று வருடத்தில் போய்விடுவார்.

இரண்டாவது 'கிரான்ஆர்சி'. எந்தச் சோதனை எந்த மணிக்கு என்பது இதில் இருக்கும். புத்தகங்களில் ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டு என்று எழுதியிருப்பார்கள். நம் பக்கத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு லேப் உதவியாளர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டு மணிக்கு எந்தப் புலியும் கத்தாது! கம்ப்யூட்டர் நிச்சயமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரம் எது என்று முதலில் விசாரியுங்கள். டிஸ்க் முழுவதையும் துழாவும் கனமான சோதனையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வையுங்கள். கணக்குகள், போர்ட் போன்ற சின்னச் சோதனைகளை அடிக்கடி ஓட்டலாம்.

மூன்றாவது 'டைகர் டாட் இக்னோர்'. கத்த வேண்டாதவற்றின் பட்டியல் இது. இந்த வரி எங்களுக்குத் தெரிந்த விஷயம், இனிமேல் சொல்லாதே என்று எழுதி வைக்கலாம். மூன்றில் மிகவும் உபயோகமானதும் இதுதான், மிகவும் ஆபத்தானதும் இதுதான். இதில் எழுதுவது ஒரு 'பேட்டர்ன்'. அது பொருந்தும் எல்லா வரியும் ரிப்போர்ட்டிலிருந்து மறைந்துவிடும். சோம்பேறித்தனமாக 'ரூட்' என்று ஒரு வார்த்தையை மட்டும் எழுதினால், ரூட் பற்றி வரும் எச்சரிக்கை அத்தனையும் காணாமல் போகும். குறியீட்டு எண், ஃபைலின் முழுப் பெயர் இரண்டையும் சேர்த்து, அந்த ஒரு வரி மட்டும் மாட்டும்படி எழுத வேண்டும்.

இதோடு ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இக்னோர் ஃபைலில் ஒரு வரி சேர்க்கும்போதெல்லாம், தேதி, என்ன வரி, ஏன் பொருட்படுத்தவில்லை, முடிவு செய்தவர் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்த வரியைச் சேர்க்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நோட்டைப் புரட்டிப் பார்த்து, இன்றும் அந்தக் காரணம் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் கடையில் ஸ்டாக் ரிஜிஸ்டர் வைப்பது போலத்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

வரிசையாகச் செய்தால் சிரமமில்லை

முதல் நாள் கருவியைக் கையால் ஓட்டுங்கள். வந்த வரிகளைப் பிரின்ட் எடுத்து மூன்று கலர் பேனாவால் குறியுங்கள்: உடனே சரி செய்ய வேண்டியது, விசாரிக்க வேண்டியது, தெரிந்தே விடுவது. போய்விட்ட ஊழியர் கணக்கை மூடுவது, தேவையில்லாத சர்வீஸை நிறுத்துவது, திறந்து கிடக்கும் ஃபைலை அடைப்பது என்று முதல் வகையை முடித்தாலே ரிப்போர்ட் பெரிதும் குறைந்துவிடும். இக்னோர் ஃபைல் அதற்குப் பிறகுதான். வீட்டைப் பெருக்காமல் பாயை விரித்து மூடினால் குப்பை போகுமா?

அடுத்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. முந்தைய ஓட்டத்தில் இல்லாமல் இன்று புதிதாக வந்த வரியை மட்டும் மெயிலில் அனுப்பு என்று டைகரிடம் சொல்ல முடியும். ரொம்ப வசதி. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். புதிய விஷயத்தை அது ஒரு தடவைதான் சொல்லும். மறுநாள் அதுவும் பழசாகிவிடும், வாயைத் திறக்காது. அந்த ஒரு நாள் நீங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தால் தீர்ந்தது. அதனால் தினமும் புதியது மட்டும், வாரத்தில் ஒரு நாள் முழு ரிப்போர்ட் என்று இரண்டும் வேண்டும். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதைப் படிப்பது என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையைச் சரியான நிலை என்று வைத்து ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஏற்கெனவே திருடன் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் இன்றைய நிலையை அளவுகோலாக வைத்தால், திருடனும் குடும்பத்தில் ஒருவனாகிவிடுவான். முடிந்தால் புதிதாக இன்ஸ்டால் செய்த அன்றே அந்த அளவுகோலை எடுத்து வையுங்கள்.

ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைக்க வேண்டும். வீட்டில் எந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்ற பட்டியல் அது! ரூட் தவிர யாரும் படிக்க முடியாதபடி வைத்து, ஒரு பிரதியை வேறொரு கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடுங்கள். உள்ளே புகுந்து ரூட் அதிகாரம் பெற்றவன் முதலில் அழிப்பது தன் தடயத்தைத்தான். டைகரையே பொய் சொல்ல வைக்கவும் அவனால் முடியும். வெளியே போய்விட்ட பிரதியை அவனால் தொட முடியாது.

கடைசியாக, மாதம் ஒரு முறை வேண்டுமென்றே ஒரு சின்னத் தப்பை வைத்துப் பாருங்கள். யாரும் உள்ளே நுழைய முடியாதபடி பூட்டிய ஒரு சோதனைக் கணக்கு. அதன் ஹோம் டைரக்டரியை எல்லோரும் எழுதலாம் என்று திறந்து விடுங்கள். மறுநாள் மெயில் வருகிறதா? வந்த மெயிலைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு பேரில் யாராவது "என்ன சார் இது?" என்று போன் செய்கிறாரா? போன் வந்தால் உங்கள் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. வராவிட்டால் எங்கே அறுந்தது என்று தேடுங்கள். தேடி முடித்ததும் அந்த டைரக்டரியை மூட மறக்க வேண்டாம்.

நம் மாநிலத்திலேயே நடந்தது

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலைய விவகாரம் ஞாபகம் இருக்கும். அந்த நிலையத்தோடு தொடர்புடைய கம்ப்யூட்டர் ஒன்றில் தீய மென்பொருள் இருப்பதை, செப்டம்பர் 4-ஆம் தேதி 'செர்ட் இன்' என்ற மத்திய அரசு அமைப்பு அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அக்டோபர் 30-ல் கழகம் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. மாட்டியது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டர். அங்கே தாக்கிய மென்பொருள் விண்டோஸ் வகையைச் சேர்ந்தது, நான் பேசுவது யூனிக்ஸ். இருந்தாலும் டெக்சஸ் கதையோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் மாட்டியது ஒரு சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டர். இரண்டு இடத்திலும் செய்தி வெளியிலிருந்து வந்தது. நம் வீட்டில் திருடன் புகுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 ஏப்ரலில் செர்ட் இன் போட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தகவல் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பிரித்தே பார்க்காதவர் ஆறு மணி நேரத்தில் என்னத்தைச் சொல்வார்?

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தக் கருவிகளை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் தாராளமாக ஓட்டிப் பழகுங்கள். அடுத்தவர் கம்ப்யூட்டர் என்றால், கல்லூரியுடையதாகவே இருந்தாலும், எழுத்தில் அனுமதி வாங்காமல் கை வைக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 ஆகிய பிரிவுகளில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன் சார்" என்பது அங்கே எடுபடாது.

ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எத்தனை பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், சிறு நிதி நிறுவனங்கள், பயிற்சி நிலையங்கள் சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருக்கின்றன! அதில் இருப்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர், நம் அம்மாக்களின் போன் நம்பர், நம் அக்கம்பக்கத்தாரின் நோய் விவரம். அங்கெல்லாம் தனி நிபுணரை வேலைக்கு வைக்க வசதி இருக்காது. நம் சங்கத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் இந்தத் துறையிலேயே பிழைக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஒருவர் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இங்கே படிக்கும் இரண்டு மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு முதல் ரிப்போர்ட்டை ஓட்டுங்கள், கலர் பேனாவால் குறியுங்கள், நோட்டுப் போடுங்கள். பிறகு திங்கட்கிழமைதோறும் அரை மணி நேரம் போனில் அந்த மாணவர்களோடு உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் படித்தால் போதும். மாணவருக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்காத அனுபவம் கிடைக்கும். அடகுக் கடைக்குப் போகவிருந்த ஒரு கம்மலாவது காதிலேயே இருக்கும்.

முதல்வர் அவர்களும் சங்க நிர்வாகிகளும் மனது வைத்தால், நம் கல்லூரி லேப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம். நோட்டு என் செலவு!